தொண்ணூற்றேழு

பீன்யா இரண்டாம் ஃபேஸ்.
லேத்துப் பட்டறைக்கும் பவுடர் கோட்டிங் ஷெட்டுக்கும் நடுவே
செங்குத்தாய் ஏறும் படியின் முடிவில் எங்கள் ஆய்வுக்கூடம்.
நான் சேர்ந்து பதினோரு நாள்.
மாதிரி எண் 318: தாமிரக் குருணை, நூறு கிராம்.
கொண்டுவந்தவர் அத்தாவுல்லா, வாணியம்பாடிக்காரர்,
நாயண்டஹள்ளியில் பழைய உலோக வியாபாரம்.
வாங்குகிற கம்பெனிக்குச் சந்தேகம்:
இது தாமிரம்தானா, தாமிரம் மட்டும்தானா?

செய்முறை எனக்கு மனப்பாடம்.
குருணையைக் குழாயிலிட்டு நீராவியில் அரைமணி நேரம்.
கலோரிமீட்டரை வெறுமையாய் ஓர் எடை,
தண்ணீரோடு ஓர் எடை.
பஞ்சு திணித்த மரப்பெட்டிக்குள் இறக்கி
இருபத்து நான்கு என்று குறித்துக்கொண்டு
ஒரே மூச்சில் கவிழ்க்க வேண்டும்.
தெறித்தால் போச்சு.
மெல்லக் கவிழ்த்தாலும் போச்சு, வழியிலேயே ஆறிவிடும்.
சளசளவென்று ஒரு சத்தம்.
பிறகு கலக்கி, கலக்கி,
பாதரசம் ஏறித் தயங்கி நிற்கும் இடத்தைப்
பிடிக்க வேண்டும்.

நான்கே டிகிரி.
அவ்வளவு சுட்டது விழுந்தும்
தண்ணீர் நான்கே டிகிரிதான் அசைந்துகொடுத்தது.
எடைக்கு எடை வைத்தால்
தாமிரம் பதினொரு டிகிரி துள்ளுகிற சூட்டுக்குத்
தண்ணீர் ஒன்றே ஒன்று நகரும்.
தன்வெப்பம் என்று பெயர் வைத்தவரை நினைத்துக்கொண்டேன்.
கொடுப்பது அடுப்பு.
பெயரில் மட்டும் 'தன்'.

இழந்தது ஏற்றதற்குச் சமம்.
கால்குலேட்டர் சொன்னது 0.369.
புத்தகத்துத் தாமிரம் 0.385.
ஈயம் கலந்தால் இறங்கும்.
எவ்வளவு கலந்தால் இவ்வளவு இறங்கும் என்றும்
போட்டுப் பார்த்தேன்: ஆறு சதவீதம்.
அதைத் தட்டச்சு செய்தபோது
எனக்கு ஒரு சின்ன மிதப்பு. மறைப்பானேன்.

அத்தாவுல்லா படித்தார். கோபப்படவில்லை.
"ஈயம்னு போட்டுட்டீங்க."
கொஞ்ச நேரம் கழித்து,
"ஈயத்துக்கு வேற ஆள் இருக்காங்கம்மா, தனியா விக்கிறேன்.
இதுல போட்டு எனக்கு என்ன ஆகப்போவுது?"

அடுத்த மேசையில் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயைச்
சூடேற்றிக்கொண்டிருந்த நாகரத்னா
என் நோட்டை இழுத்து ஒரு வரியில் விரல் வைத்தாள்.
"நூரு யாரு நோடித்ரு?"
எனக்குக் கன்னடம் அவ்வளவு தெரியாது. அது புரிந்தது.

யாரும் பார்க்கவில்லை.
நீராவிக் குழாயில் வெப்பமானியைச் செருகியவள் நான்,
படிக்காதவளும் நான்.
தண்ணீர் நூறில் கொதிக்கும்.
தூத்துக்குடியில், கடலுக்கு நாலு தெரு தள்ளி,
ஆறாம் வகுப்பில் கொதித்தது.
கொதித்ததைப் பார்த்தேனா, எழுதிப் படித்தேனா,
அதுவும் நினைவில்லை.

மறுபடி அடுப்பு.
தொண்ணூற்றேழு.
வெப்பமானியை மாற்றினேன். தொண்ணூற்றேழு.
நாகரத்னா தன்னுடையதை நீட்டினாள். அதுவும்.
மூவாயிரம் அடி உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது இந்த ஊர்.
மேலே அழுத்தும் காற்று குறைச்சல்;
தண்ணீர் சீக்கிரமே கிளம்பிவிடுகிறது.
பதினோரு நாளாய்ப் பாத்திரத்தில் பருப்பு வேகாமல்
பழைய பருப்பைக் கொடுத்துவிட்டான் என்று
மளிகைக்கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்று டிகிரியைக் கழித்துத் திரும்பப் போட்டேன்.
0.385.

பழைய தாளைக் கிழித்தேன். புதியதை நீட்டும்போது
"தப்பு என்னோடது" என்பது
அச்சுப்பொறியின் இரைச்சலில் விழுந்தது.
கேட்டாரோ என்னவோ.
நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
311-ம் 314-ம்
போன வாரமே கூரியரில் போய்விட்டன.
அவற்றிலும் நூறுதான்.

செய்தித்தாளில் உலர்த்தியிருந்த குருணையைக் கேட்டார்.
தன் பையிலிருந்து சின்னத் தராசு ஒன்றை எடுத்து
நின்றபடியே நிறுத்தார்.
"ஒரு கிராம் கொறையுது."

கலோரிமீட்டரின் அடியில்
கலக்கியின் வளையத்துக்குள் இரண்டு மணிகள்.
கையை விட்டு எடுத்தேன்.
தண்ணீர் அறையின் சூட்டுக்கு இறங்கியிருந்தது.
மணிகளும்.